உங்கள் ரத்தத்தின் விதைநெல்லைக் காப்பது யார்?

ஸ்டெம் செல்லின் தலையெழுத்தை மாற்றும் 'முசாஷி' புரதத்தின் கதை

ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம்! உங்கள் எலும்பு மஜ்ஜை புதிதாகத் தயாரித்து ரத்தத்தில் இறக்கிவிடும் சிவப்பணுக்களின் எண்ணிக்கைதான் இது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 17,000 கோடியைத் தாண்டும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள்தான். பழையது போகப் போகப் புதியது வந்துகொண்டே இருக்க வேண்டும். நாம் தூங்கினாலும், சீரியல் பார்த்தாலும், பஸ்ஸுக்காகக் காத்திருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை.

இத்தனை கோடி செல்களுக்கும் மூலம், மஜ்ஜைக்குள் இருக்கும் கொஞ்சமே கொஞ்சம் ரத்த ஸ்டெம் செல்கள்தான். 'குருத்தணு' என்றும் இவற்றைச் சொல்வார்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என எதுவாகவும் மாறக்கூடிய தாய் செல்கள் இவை.

இங்கேதான் ஒரு சிக்கல். அறுவடை முடிந்த கையோடு எல்லா நெல்லையும் அரிசியாக்கிச் சாப்பிட்டுவிட்டால், அடுத்த போகத்துக்கு விதைக்க என்ன செய்வது? அதனால்தான் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்பார்கள் நம் ஊர் விவசாயிகள். ஸ்டெம் செல்லுக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு முறை பிரியும்போதும், 'நான் ஸ்டெம் செல்லாகவே இருக்கட்டுமா, ரத்த அணுவாக மாறிவிடட்டுமா?' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எல்லாமே மாறிவிட்டால் சில காலத்தில் விதை தீர்ந்துபோகும். எதுவுமே மாறாமல் பெருகிக்கொண்டே இருந்தால் உடம்புக்கு ரத்தம் கிடைக்காது. அதோடு, ரத்தப் புற்றுநோயின் அடிப்படைக் கோளாறே அதுதான்.

அப்படியென்றால், அந்த முடிவை எடுப்பது யார்?

எல்லா செல்லிலும் ஒரே நோட்டுதான்!

நம் கண்ணில் இருக்கும் செல்லுக்கும், கல்லீரலில் இருக்கும் செல்லுக்கும், காலில் இருக்கும் தோல் செல்லுக்கும் டி.என்.ஏ ஒன்றேதான். புரதங்களைத் தயாரிப்பதற்கான சுமார் 20,000 மரபணுக்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லோரிடமும் ஒரே நோட்டு இருக்க, ஒன்று கண்ணாகவும் இன்னொன்று கல்லீரலாகவும் ஆவது எப்படி? எந்தப் பக்கத்தைப் படிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கூட்டுக்குடும்பத்துச் சமையலறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டி எழுதிவைத்த சமையல் குறிப்பு நோட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதை யாரும் அடுப்படிக்குக் கொண்டு போவதில்லை. தேவையான குறிப்பை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப் போகிறார்கள். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. கொரோனா காலத்தில் 'எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி' என்று கேள்விப்பட்டோமே, அதே எம்.ஆர்.என்.ஏ-தான். சீட்டைப் பார்த்துச் சமைக்கும் அடுப்புக்கு ரைபோசோம் என்று பெயர். சமைத்து வருவது புரதம்.

'எந்தச் சீட்டு எழுதப்படுகிறது என்று பார்த்தாலே போதும், அந்த செல் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம்' என்றுதான் நீண்ட காலம் விஞ்ஞானிகள் பலரும் கருதினார்கள். ஆனால், சீட்டு எழுதிவிட்டால் சமையல் முடிந்துவிட்டது என்று அர்த்தமா? நடுவில் ஒரு பெரியம்மா நிற்கிறார். 'இந்தச் சீட்டை இப்போ அடுப்படிக்குக் கொடுக்காதே, மாப்பிள்ளை வீட்டார் வரட்டும்' என்று ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறார். 'இது வேண்டவே வேண்டாம்' என்று இன்னொன்றைக் கிழித்துப் போடுகிறார். 'இதை முதலில் செய்' என்று மற்றொன்றை முன்னால் தள்ளுகிறார்.

செல்லுக்குள் இந்தப் பெரியம்மா வேலையைப் பார்ப்பவைதான், ஆர்.என்.ஏ-வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள். மனித உடலில் இவை 1,500 வகைக்கு மேல் இருக்கின்றன. இவற்றின் முக்கிய வேலைகள் இவை:

* சீட்டை வெட்டி ஒட்டி, ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு புரதங்கள் வரச் செய்வது.
* செல்லுக்குள் எந்த மூலைக்குத் தேவையோ, அங்கே சீட்டைக் கொண்டு சேர்ப்பது.
* சீட்டு சீக்கிரம் அழிந்துபோகாமல் காப்பது. அல்லது சீக்கிரம் அழியச் செய்வது.
* சீட்டு இருந்தாலும் புரதம் தயாராகாதபடி பிடித்து வைப்பது.

ஸ்டெம் செல்லுக்கு இந்தக் கடைசி வேலை ரொம்ப முக்கியம். 'மாறு' என்று உத்தரவு வந்த பிறகு நோட்டைத் திறந்து, சீட்டு எழுதி, அதன்பின் சமைக்க ஆரம்பித்தால் நேரமாகும். சீட்டுகளை முன்கூட்டியே எழுதிப் பிடித்து வைத்திருந்தால், கையை விட்டவுடன் வேலை தொடங்கிவிடும்.

ஈயின் உடம்பில் இரட்டை முடி

இந்தப் புரதங்களில் சுவாரஸ்யமான ஒன்றின் கதையைப் பார்க்கலாம். அது தொடங்கியது மனிதனிடம் அல்ல, ஓர் ஈயிடம். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்னஞ்சிறு பழ ஈதான்.

பழ ஈயின் உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி முடிகள் இருக்கும். அவை அழகுக்காக அல்ல. தொடுவதையும் காற்று அசைவதையும் உணர்வதற்கான கருவிகள். ஒவ்வொரு கருவியும் ஒரே ஒரு தாய் செல்லில் இருந்து உருவாகிறது. தாய் செல் முதலில் இரண்டாகப் பிரியும். அதில் ஒரு மகள், முடியையும் அந்த முடி செருகியிருக்கும் குழியையும் உருவாக்கும். இன்னொரு மகள், உணர்வை மூளைக்குச் சொல்லும் நரம்பு செல்லையும் அதற்கான உறையையும் உருவாக்கும். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா, தங்கைக்கு வெவ்வேறு வேலை.

1994-ல் ஹிடேயுகி ஒகானோ உள்ளிட்ட விஞ்ஞானிகள், ஒரு மரபணு பழுதான ஈக்களைப் பற்றி எழுதினார்கள். அந்த ஈக்களில் ஒரு முடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முடிகள் நின்றன! நரம்பு ஆகவேண்டிய தங்கை, தன் வேலையை மறந்துவிட்டு அக்காவைப் பார்த்து முடியாகிவிட்டாள்.

ஒரே குழுவில் இரண்டு முடிகள் நீட்டிக்கொண்டிருந்த காட்சி அவர்களுக்கு ஒருவரை நினைவூட்டியது. 17-ம் நூற்றாண்டில் ஜப்பானில் வாழ்ந்த மியாமோட்டோ முசாஷி என்ற சாமுராய் வீரர். இரண்டு கைகளிலும் இரண்டு வாள் ஏந்திச் சண்டையிடும் முறைக்குப் பேர்போனவர். மரபணுவுக்கு 'முசாஷி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மரபணு உருவாக்கும் முசாஷி புரதம் ஆர்.என்.ஏ-வைப் பற்றிக்கொள்ளும் இனத்தைச் சேர்ந்தது. இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. ஆர்.என்.ஏ-வைப் பிடிப்பதற்கென்று இந்தப் புரதத்தில் இருக்கும் பகுதிகளும் இரண்டுதான்.

முசாஷி என்ன செய்கிறது என்பதற்கு 2001-ல் பதில் கிடைத்தது. 'டிராம்டிராக்' என்று ஒரு புரதம் இருக்கிறது. அது இருந்தால் செல் நரம்பாக மாற முடியாது. அக்கா, தங்கை இரண்டு செல்களிலுமே டிராம்டிராக்குக்கான ஆர்.என்.ஏ சீட்டு இருக்கிறது. ஆனால், புரதம் அக்காவிடம் மட்டும்தான் தயாராகிறது. தங்கையிடம் முசாஷி அந்தச் சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. தடை நீங்கியதால் அவள் நரம்பாகிறாள். முசாஷி பழுதானால் தங்கையிடமும் அந்தப் புரதம் தயாராகிவிடும். விளைவு, இரட்டை முடி.

கவனியுங்கள், நோட்டு ஒன்றுதான், சீட்டும் ஒன்றுதான். சீட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததா, இல்லையா என்பதில் ஒரு செல்லின் வாழ்க்கையே மாறிவிட்டது!

மூளையில் ஒரு முசாஷி

ஈக்கு இருக்கும் முசாஷி நமக்கும் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. முசாஷி-1 வளரும் மூளையின் ஸ்டெம் செல்களில் நிறைய இருக்கும். முசாஷி-2 ரத்த ஸ்டெம் செல்களில் முக்கியம்.

மூளையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'நாட்ச்' என்றொரு சமிக்ஞை, 'ஸ்டெம் செல்லாகவே இரு' என்று செல்லுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். 'நம்ப்' என்ற புரதம் அந்த நாட்ச்சுக்கு பிரேக். முசாஷி-1, நம்ப் புரதத்துக்கான சீட்டைப் பிடித்துவைக்கிறது. பிரேக் தயாராகவில்லை என்றால் நாட்ச் தடையில்லாமல் ஓடும். செல், ஸ்டெம் செல்லாகவே நீடிக்கும். நரம்பு செல்லாக மாறவேண்டிய காலம் வரும்போது முசாஷி குறைந்துவிடும்.

மூளை ஸ்டெம் செல்லுக்கு இவ்வளவு வேண்டப்பட்ட இந்தப் புரதத்தை, ஒரு வைரஸ் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டது. 2015, 2016-ல் பிரேசிலில் ஜிகா காய்ச்சல் பரவியபோது, சிறிய தலையோடும் வளராத மூளையோடும் குழந்தைகள் பிறந்ததை மறந்திருக்க மாட்டோம். ஜிகா வைரஸின் மரபுப் பொருளே ஆர்.என்.ஏ-தான். அதில் முசாஷி-1 ஒட்டிக்கொள்வதற்கான இடங்கள் இருப்பதையும், அப்படி ஒட்டிக்கொள்வது வைரஸ் பெருகுவதற்கு உதவுவதையும் 2017-ல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். முசாஷி வைரஸின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால், தன் வழக்கமான சீட்டுகளை யார் கவனிப்பது? கருவில் இருக்கும் குழந்தையின் மூளை ஸ்டெம் செல்களை ஜிகா ஏன் குறிவைக்கிறது என்பதற்கான விடைகளில் இதுவும் ஒன்று. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் ஜிகாவையும் பரப்புகிறது. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் பகல் நேரக் கொசுக்கடியையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ரத்தத்தில் முசாஷி அளவு மீறினால்...

இப்போது ரத்தத்துக்கு வருவோம். ரத்த ஸ்டெம் செல்லை ஸ்டெம் செல்லாகவே வைத்திருப்பது முசாஷி-2-ன் வேலை. அதாவது, விதைநெல் குதிருக்குக் காவல். எலிகளில் இந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தபோது, ரத்த ஸ்டெம் செல்களின் கையிருப்பும் திறனும் குறைந்தன.

அப்படியானால் முசாஷி நிறைய இருந்தால் நல்லதுதானே? அங்கேதான் ஆபத்து.

நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா என்று ஒரு ரத்தப் புற்றுநோய் உண்டு. 'சி.எம்.எல்' என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் உயிரைப் பறித்த இந்த நோயை, 2001-ல் வந்த இமாடினிப் மாத்திரை அடியோடு மாற்றிப் போட்டது. தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பல ஆண்டுகள் இயல்பாக வாழ்பவர்கள் இன்று நிறையப் பேர். ஆனால், சிலருக்கு மட்டும் நோய் திடீரென்று வேகமெடுக்கும். முதிராத செல்கள் ரத்தத்தில் நிரம்பும். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் சிகிச்சை மிகவும் கடினம்.

அமைதியாக இருந்த நோய் எப்படி இப்படி மாறுகிறது? 2010-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக வேலை செய்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. நோய் அமைதியாக இருக்கும் கட்டத்தில் நம்ப் புரதம் அதிகமாகவும், முசாஷி-2 குறைவாகவும் இருந்தன. தீவிரக் கட்டத்தில் அது தலைகீழாக மாறி, முசாஷி-2 ஏறியும் நம்ப் இறங்கியும் போயிருந்தது. எலிகளில் முசாஷி-2-ஐத் தடுத்தபோது தீவிர நோயின் வேகம் குறைந்தது. முசாஷி-2 அதிகமாக இருந்த நோயாளிகளுக்கு நோயின் போக்கும் மோசமாக இருந்தது.

ஆக, காவல்காரரே கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணியைக்கூட வெளியே விடாத நிலை. செல்கள் முதிர்ச்சி அடையாமல் பெருகிக்கொண்டே போகின்றன.

'சரி, முசாஷியைத் தடுக்க ஒரு மருந்து கண்டுபிடித்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். முயற்சிகள் நடக்கின்றன. முசாஷி ஆர்.என்.ஏ-வைப் பிடிக்கும் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும் சில வேதிப்பொருள்கள் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், ஒரு மருந்து வேலை செய்ய வேண்டுமானால், பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல அது போய் உட்கார ஒரு குழி வேண்டும். ஆர்.என்.ஏ-வைப் பிடிக்கும் புரதங்களில் அந்த இடம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். மேலும், நல்ல ஸ்டெம் செல்களுக்கும் முசாஷி வேண்டும். புற்றுநோய் செல்லில் மட்டும் அதை அடக்குவது எப்படி என்பதுதான் பெரிய சவால்.

தொப்புள்கொடி ரத்தமும் 23 மடங்கும்

அதே முசாஷியை இன்னொரு விதமாகவும் பயன்படுத்த முடியுமா என்று யோசித்தார்கள் கனடா நாட்டு விஞ்ஞானிகள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு ஃப்ளாஷ்பேக்.

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில், பழுதான மஜ்ஜைக்குப் பதிலாக இன்னொருவரின் ரத்த ஸ்டெம் செல்களைச் செலுத்துவதைத்தான் 'எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை' என்கிறோம். இதற்கு, கொடுப்பவரின் திசு வகை நோயாளியோடு பொருந்த வேண்டும். உடன்பிறந்தவரோடு முழுமையாகப் பொருந்துவதற்கே நான்கில் ஒரு வாய்ப்புதான். வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில், பல குடும்பங்களுக்கு வீட்டுக்குள் பொருத்தம் கிடைப்பதில்லை.

1988-ல் பாரிஸில் எலியான் க்ளூக்மான் என்ற டாக்டர் ஒரு புதுவழியைத் திறந்தார். ஃபான்கோனி அனீமியா என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, அவனுடைய தங்கை பிறந்தபோது சேகரித்த தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார். சிகிச்சை வெற்றி! வழக்கமாகத் தூக்கிப் போடும் நஞ்சுக்கொடியில் இப்படியொரு புதையல் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. தொப்புள்கொடி ரத்தத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. திசு வகை நூற்றுக்கு நூறு பொருந்தாவிட்டாலும் ஓரளவு ஏற்றுக்கொள்ளப்படும்.

ஆனால், ஒரு குறை. ஒரு தொப்புள்கொடியில் கிடைக்கும் ஸ்டெம் செல்கள் ரொம்பக் கொஞ்சம். சிறு குழந்தைக்குப் போதுமானாலும், 60, 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது. புதிய ரத்தம் ஊறுவதற்கு நாளாகும். அந்த இடைவெளியில் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து. 'அப்படியானால் ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கிக்கொள்ளலாமே' என்றால், கிண்ணத்தில் வைத்தவுடன் ஸ்டெம் செல்கள் மளமளவென்று சாதாரண ரத்த அணுக்களாக மாறிவிடுகின்றன. விதைநெல் அத்தனையும் அரிசியாகிவிடுகிறது!

இங்கேதான் முசாஷி வருகிறது. 2016-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் ஹோப்பின் குழு, தொப்புள்கொடி ரத்த ஸ்டெம் செல்களில் முசாஷி-2-ன் அளவைக் கூட்டிப் பார்த்தது. நீண்ட காலத்துக்கு ரத்தம் உருவாக்கக்கூடிய உண்மையான ஸ்டெம் செல்கள் 23 மடங்கு பெருகின! செல்களுக்கு 'மாறு' என்று சொல்லும் ஒரு சமிக்ஞைப் பாதைக்கு உதவும் சீட்டுகளை முசாஷி-2 பிடித்து வைத்ததுதான் காரணம் என்பதும் தெரிந்தது.

முசாஷியைக் கூட்டி வளர்த்த செல்களை நேராக நோயாளிக்குச் செலுத்தும் நிலை இன்னும் வரவில்லை. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் மேலே பார்த்தோமே! ஆனால், ஸ்டெம் செல்லை மாறவிடாமல் பெருக்க முடியும் என்ற நம்பிக்கை வீண்போகவில்லை. பி3 வைட்டமின் வகையைச் சேர்ந்த நிகோடினமைடு என்ற பொருளைப் பயன்படுத்தி, தொப்புள்கொடி ரத்த செல்களைப் பெருக்கிக் கொடுக்கும் சிகிச்சை ஒன்றுக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வழி வேறு, தேவை ஒன்று.

பிறந்த குழந்தையின் ரத்தம் சொல்லும் ரகசியம்

முசாஷிக்கு உறவுக்காரர்கள் நிறைய. அவற்றில் 'லின்28' பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். சி.எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் விக்டர் அம்ப்ரோஸ் போன்றவர்கள் 1980-களில் செய்த ஆராய்ச்சியில் தெரியவந்த மரபணு இது. இந்த மரபணு பழுதானால் புழு தன் பருவத்தைத் தவறவிடும். சில வளர்ச்சிக் கட்டங்களைத் தாண்டிக் குதித்துவிடும். (நுண் ஆர்.என்.ஏ கண்டுபிடிப்புக்காக 2024-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் இதே அம்ப்ரோஸ்தான்.) மனிதர்களிலும் லின்28 இளமைப் பருவத்துச் செல்களின் அடையாளம். 2007-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு, சாதாரண மனித செல்லை நான்கு மரபணுக்களைக் கொண்டு மீண்டும் ஸ்டெம் செல்லாக மாற்றியபோது, அந்த நான்கில் ஒன்று லின்28.

இது நம் ரத்தத்தில் என்ன செய்கிறது? தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் இருப்பது 'கரு ஹீமோகுளோபின்'. பிறந்த சில மாதங்களில் அது குறைந்து, பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின் அந்த இடத்துக்கு வந்துவிடும். இந்த மாற்றத்தைச் செய்யும் புரதம், பி.சி.எல்.11ஏ. பச்சிளம் குழந்தையின் செல்களிலும் அதற்கான சீட்டு இருக்கிறது. ஆனால், புரதம் மட்டும் சரியாகத் தயாராவதில்லை. ஏன்? லின்28-ன் ஒரு வகை அந்தச் சீட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. 2020-ல் இது நிரூபிக்கப்பட்டது. வளர வளர லின்28 மறையும், கை தளரும், பெரியவர்களின் ரத்தம் ஊறத் தொடங்கும்.

சிக்கிள் செல் நோய் இருக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாக இருந்துவிட்டு, அதன்பிறகு வலியால் துடிக்கத் தொடங்குவது இதனால்தான். கோளாறு இருப்பது பெரியவர்களின் ஹீமோகுளோபினில். கரு ஹீமோகுளோபின் இருக்கும்வரை அது குழந்தையைக் காப்பாற்றுகிறது. 'அப்படியானால் கரு ஹீமோகுளோபினையே திரும்பக் கொண்டுவந்தால் என்ன?' என்ற கேள்விதான், 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த 'காஸ்கெவி' என்ற மரபணுத் திருத்த சிகிச்சையானது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ வேலை செய்வதைக் குறைத்து, திரும்பச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர்.

இந்த நோய் நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. இந்தியாவில் சிக்கிள் செல் பற்றிய ஆரம்பக்காலப் பதிவு, 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்விலிருந்துதான் வந்தது. 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதற்கான தேசிய திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியிருக்கிறது. 22 லட்சம் டாலர் சிகிச்சை நீலகிரி மலைக்கு வந்து சேராது. ஆனால், ஒரு ஊசியோ மாத்திரையோ லின்28 செய்யும் வேலையைச் செய்துவிட்டால்? சீட்டைப் பிடிக்கும் புரதங்களை விஞ்ஞானிகள் இவ்வளவு ஆர்வமாகத் துரத்துவதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

குடும்பங்களுக்கு என்ன செய்தி?

ஸ்டெம் செல் என்ற வார்த்தை இன்று விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. மேலே பார்த்த விஷயங்களை வைத்தே சிலவற்றை நாம் தெளிவாக முடிவு செய்யலாம்.

'குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமிக்கலாமா?' குழந்தைக்கே பின்னால் உதவும் என்று சொல்லித் தனியார் வங்கிகளில் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடு. காரணம் எளிது. தலசீமியா போன்ற மரபணு நோய் என்றால், சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். லுக்கேமியா என்றால், நோயின் விதை அதிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால், வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு மாற்று சிகிச்சை தேவைப்படும் ரத்த நோய் இருந்து, அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது என்றால் கதை வேறு. அப்போது ரத்தவியல் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

'ஆட்டிசம், மூட்டுவலி, சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்கிறார்களே?' இந்தியாவில் நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாக ஏற்கப்பட்டிருப்பது, குறிப்பிட்ட ரத்த நோய்கள் உள்ளிட்ட சிலவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான். மற்றவை ஆராய்ச்சிக் கட்டத்தில் இருப்பவை. ஆராய்ச்சியில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. எனவே, லட்சங்களில் ஒருவர் கட்டணம் கேட்டால், 'இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, பதிவு செய்யப்பட்ட ஆராய்ச்சியா?' என்று எழுத்தில் கேளுங்கள்.

'நாம் என்ன செய்ய முடியும்?' 18 வயது நிரம்பிய, ஆரோக்கியமானவர்கள் ரத்த ஸ்டெம் செல் கொடையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கன்னத்தின் உட்பகுதியில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி போதும். பொருத்தம் வந்தால் மட்டுமே அழைப்பார்கள். பெரும்பாலும் ஊசி போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குக் கொண்டுவந்து, கை நரம்பு வழியாக ஒரு இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். எலும்பை உடைப்பார்கள், வாழ்நாள் முழுக்கப் பலவீனம் வரும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

கொடுத்துவிட்டால் நமக்குக் குறைந்துபோகாதா என்ற பயம் வேண்டாம். மஜ்ஜையில் மிச்சமிருக்கும் ஸ்டெம் செல்கள் சில வாரங்களில் பெருகி, எடுத்ததை ஈடுகட்டிவிடும். எத்தனை செல் மாறவேண்டும், எத்தனை செல் விதையாக நிற்கவேண்டும் என்ற கணக்கை, முசாஷியும் அதன் கூட்டாளிகளும் பார்த்துக்கொள்வார்கள்.